திரிதலும் திரித்தலும்: உதகை என்னும் பெயரை முன்வைத்து

பள்ளியில் மரூஉ என்னும் இலக்கணப் பகுதியைப் படித்தவர்க்குச் சில எடுத்துக்காட்டுகள் நினைவில் நிற்கும். தஞ்சாவூர் தஞ்சை ஆயிற்று. கோயம்புத்தூர் கோவை ஆயிற்று. உதகமண்டலம் உதகை ஆயிற்று. இவற்றுக்கு வரையப்படும் விளக்கத்தில் 'சிதைந்து' என்னும் சொல் பெரும்பாலும் இடம்பெறுகிறது. முழுவடிவம் சிதைந்து குறுவடிவம் பிறந்தது என்பது பாடத்தின் சாரம். இதனால் மாணவர் உள்ளத்தில் இரு கருத்துகள் சொல்லாமலே பதிகின்றன. நீண்ட வடிவமே மூலம் என்பது ஒன்று. மாறிய வடிவம் கெட்ட வடிவம் என்பது மற்றொன்று.

உதகையைப் பொறுத்தவரை இவ்விரண்டு கருத்துகளும் பொருந்தவில்லை. ஓர் ஊர்ப்பெயரோடு முடிந்துவிடும் பிழையாயின் இதனை இத்துணை விரிவாக எழுத வேண்டியதில்லை. வடிவமாற்றத்தைக் குறிக்கும் சொற்களைத் தமிழில் நாம் கையாளும் முறையே இங்குக் கேள்விக்குரியதாகிறது. அரபு மூலங்களிலிருந்து சமயக் கருத்துகளைத் தமிழில் எடுத்துரைப்போர்க்கும், தம் வீட்டுப் பேச்சைக் குறித்து இருபுறமும் ஏளனம் கேட்டுப் பழகிய தமிழ் முஸ்லிம்களுக்கும் இக்கேள்வி நெருக்கமானது.

சொல்லின் வழக்கு

வடிவம் மாறுதலைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்களுள் தலையாயது 'திரி' என்னும் வினை. இதன் அன்றாட வழக்குகளை ஒருங்கே வைத்து நோக்கினால் வியப்பு மேலிடும். பால் திரிந்துவிட்டது என்கிறோம். அங்கே அது கெடுதல். ஊர் ஊராய்த் திரிந்தான் என்கிறோம், அங்கே அலைதல். பஞ்சைத் திரித்தால் விளக்குக்குத் திரி. நாரைத் திரித்தால் கயிறு. தானியத்தை மாவாக்கும் கல்லுக்குத் திரிகை என்று பெயர். தென்மாவட்டங்களில் மாவு 'திரிப்பது' இன்றும் வழக்கு. பொய்யைப் புனைந்து நீட்டுவோனை அவன் கயிறு திரிக்கிறான் என்று பழிக்கிறோம்.

இவை அனைத்துக்கும் அடியில் இருப்பது சுழலுதல், திரும்புதல் என்னும் பொருளே. கன்னடத்திலும் தெலுங்கிலும் 'திருகு' என்னும் இன வினை திரும்புதலையும் சுற்றித் திரிதலையும் குறிக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936, பின்னிணைப்பு 1939) தமிழ் வழக்குகளைத் தொகுத்தது. பரோ, எமனோ ஆகிய இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961, திருத்திய பதிப்பு 1984) இனமொழி வடிவங்களைப் பக்கத்தில் பக்கமாக வைத்தது. அவ்விருவருள் எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி நீலகிரியின் தோடர், கோத்தர் மொழிகளை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டுப் பதிந்தவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. எழுத்தில்லாத மலைமொழிகளின் சான்று அவ்வகராதியில் எழுத்துள்ள பெருமொழிகளின் சான்றோடு சம வரிசையில் நிற்கிறது. எது மூலம், எது சிதைவு என்று முன்கூட்டித் தீர்ப்பளிக்காமல் வடிவங்களை ஒப்பிட்டு நோக்குவதே அதன் முறை.

வழக்குகளைக் கூர்ந்து நோக்கும்போது ஒரு வேறுபாடு புலனாகிறது. 'திரிதல்' தன்வினை, பொருள் தானே மாறுகிறது. 'திரித்தல்' பிறவினை, ஒருவன் அதனை மாற்றுகிறான். கயிறு திரிப்போன் பயனுள்ள செயலைச் செய்கிறான்; செய்தியைத் திரிப்போன் தீங்கு செய்கிறான். மாற்றம் நிகழ்ந்தது என்பதால் மட்டும் ஒன்று நன்றோ தீதோ ஆவதில்லை. யார் மாற்றினார், எதன்பொருட்டு மாற்றினார், மாறிய பின் எது எஞ்சியது என்னும் வினாக்களுக்குப் பிறகே தீர்ப்பு. நம் தாய்மொழியின் வினை வடிவத்திலேயே இவ்வேறுபாடு அமைந்திருக்க, உரைநடையில் அதனைக் கைவிட்டு எல்லாவற்றையும் 'மாற்றம்' என்றோ 'சிதைவு' என்றோ எழுதிச் செல்கிறோம்.

இலக்கணிகள் கண்ட திரிபு

தொல்காப்பியம் புணர்ச்சியில் நிகழும் மூவகை மாற்றங்களையும், அதாவது ஓர் எழுத்து வேறோர் எழுத்தாதல், புதிதாக எழுத்து மிகுதல், உள்ள எழுத்துக் குன்றுதல் ஆகியவற்றை, திரிபு என்னும் ஒரே பெயரில் அடக்குகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் தோன்றல், திரிதல், கெடுதல் என்று அவற்றைப் பிரித்து, மூன்றுக்கும் பொதுப்பெயராக விகாரம் என்னும் வடசொல்லை ஆண்டார். இலக்கணத்தில் விகாரம் என்பது வேறுபடுதல் மட்டுமே. அன்றாடப் பேச்சிலோ விகாரமான முகம் என்றால் அருவருப்பூட்டும் முகம். நடுநிலையான கலைச்சொல் ஒன்று தெருவுக்கு வந்ததும் பழிச்சொல்லாயிற்று. திரிபுக்கும் ஏறத்தாழ அதே கதி நேர்ந்தது.

ஆயின் முன்னோர் திரிபைப் பழியாகக் கருதவில்லை என்பதற்குச் சான்றுகள் பல. செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் எனத் தொல்காப்பியம் நான்காக வகுக்கிறது. திரிசொல் கற்றோர்க்கே விளங்குவது என்பது நன்னூலார் கொள்கை. அஃதாவது அது புலமையின் அடையாளம். எழுத்துத் திரிந்தால் பொருள் திரியும் நயத்தை வைத்தே திரிபந்தாதி என்னும் சிற்றிலக்கியம் எழுந்தது. தமிழ் முஸ்லிம் புலவர்களும் அதனைப் பாடினர்.

மரூஉவின் நிலை இன்னும் தெளிவானது. நன்னூல் வழக்கினை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாக்கி, இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ ஆகிய மூன்றையும் இயல்பு வழக்கில் வைக்கிறது. மரூஉ பிழையென்றால் இயல்பின் வரிசையில் அதற்கு இடமேது? 'மருவுதல்' என்னும் வினைக்கு நெருங்குதல், தழுவுதல், பழகுதல் என்பனவே பொருள். மக்கள் வாயில் பழகி அவர்களோடு நெருங்கிய சொல்லே மரூஉ. இலக்கணி பழக்கத்தைக் கண்ட இடத்தில் பாடநூல் சிதைவைக் காண்கிறது.

மந்து மண்டலமான வரலாறு

இனி உதகைக்கு வருவோம். நீலகிரியின் மேட்டுப் புல்வெளிகளில் எருமை மேய்த்து வாழ்ந்த தோடர்களின் குடியிருப்பைப் பிறர் மந்து என்பர். முத்தநாடு மந்து முதலான பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. தோடர் மொழியில் அதன் வடிவம் 'மோத்'. குடியிருப்பையும், பால்மனை உள்ள இடத்தையும், சடங்கு நிகழும் களத்தையும் அச்சொல் குறிக்கும். நம் மன்று, மன்றம் ஆகியவற்றுக்கு அது இனச்சொல். உதகை நகரம் அமைந்திருப்பது அத்தகைய ஒரு மந்து இருந்த நிலப்பரப்பில். பெயரின் முற்பகுதிக்கு 'ஒற்றைக்கல்' என்பது பரவலாகக் கூறப்படும் விளக்கம்; வேறு விளக்கங்களும் உள. பிற்பகுதி மந்து என்பதில் கருத்து வேறுபாடில்லை.

1821-ஆம் ஆண்டு மெட்ராஸ் கெஜட் இதழில் வெளிவந்த ஒரு கடிதத்தில் இப்பெயர் 'வோட்டோகிமண்ட்' என்னும் வடிவில் காணப்படுகிறது. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சலிவன் 1822-இல் அங்குக் கல்வீடு எழுப்பத் தொடங்கினார். பின்னர் ஆங்கில ஆவணங்களில் 'ஊட்டகமண்ட்' என்னும் எழுத்து நிலைத்தது. பேச்சில் அது சுருங்கி 'ஊட்டி' ஆயிற்று. மந்து என்பது மண்ட் ஆனது கேட்டவர் காதுக்கும் நாவுக்கும் ஏற்ப நிகழ்ந்த திரிதல். ஊட்டி என்பது அன்றாடப் பழக்கத்தில் குறுகிய மரூஉ.

உதகமண்டலம் என்பதோ இவ்வகையைச் சேர்ந்தது அன்று. உதகம் என்றால் வடமொழியில் நீர். மண்டலம் என்றால் வட்டம், நாடு. பொருள் விளங்காத மலைப்பெயருக்கு, ஒலி ஒப்புமையைப் பற்றிக்கொண்டு, கற்றவர் செவிக்கு உயர்வாகத் தோன்றும் ஒரு பொருள் ஏற்றப்பட்டிருக்கிறது. வாய்வழிப் பழக்கத்தில் மந்து மண்டலமாகாது. ஒலியளவில் சிறிய மாற்றமாயினும், பொருளளவில் பெரிய மாற்றம் இது. தோடரின் எருமைப் பட்டியும் பால்மனையும் மன்றும் மறைந்தன. நீர்வளம் பொருந்திய ஒரு புராண நாடு அவ்விடத்தில் தோன்றியது. நாம் முன்னர் வகுத்த வேறுபாட்டின்படி இது திரிதல் அன்று, திரித்தல்.

இங்கேதான் பாடநூலின் எடுத்துக்காட்டு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. உதகமண்டலத்தை மூலமாகவும் உதகையை அதன் மரூஉவாகவும் காட்டும்போது, முதற்பெயர் பார்வையிலிருந்தே நீங்கிவிடுகிறது. ஊட்டி என்பது ஆங்கிலேயர் கெடுத்த வடிவம், உதகையே தூய தமிழ் என்று வாதிடுவோர் சிலர். உண்மையில் ஊட்டி என்னும் பெயரின் தொடக்க ஒலி பழைய மலைப்பெயரின் டகர ஒலியை ஓரளவு தாங்கி நிற்கிறது. உதகையோ வடமொழி ஏற்றிய தகர ஒலியில் நிற்கிறது. நான் உதகை என்று சொல்வதை விட்டுவிட வேண்டும் என்று கூறவில்லை. அதுவும் மக்கள் நாவில் மருவிய பெயர்தான்; அதற்குரிய உரிமை அதற்குண்டு. மூலம் எது என்று கற்பிக்கும் இடத்தில் மந்தின் பெயரைச் சொல்லாமல் விடுவதே குறை.

தொட்டபெட்டாவையும் இதனோடு ஒப்பிடலாம். 2,637 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தின் பெயர் படகத்திலும் கன்னடத்திலும் 'பெரிய மலை' என்று பொருள்படும். தமிழர் அதனைத் 'தொட்டபெட்டா மலை' என்கின்றனர். மலை இருமுறை வந்துவிடுகிறது. தமிழ்க் காதுக்குத் 'தொட்ட' என்பது தொடுதலை நினைவூட்டும். ஆயினும் எவரும் அப்பெயரைத் திருத்தி உயர்த்த முற்படவில்லை. ஆகவே அதன் பழைய பொருளைக் கேட்டறிய இன்றும் வழி இருக்கிறது. திரிதல் மூலத்தை அழிப்பதில்லை, அதன் சுவடுகளை விட்டுவைக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

ஓர் இலை, மூன்று பெயர்கள்

நீலகிரியில் பல மொழியினர் கூடி வாழ்வதால் இச்செய்தி அன்றாடம் கண்முன் நிகழ்கிறது. கூடலூர்ப் பகுதி முன்னர் மலபார் மாவட்டத்து வயநாட்டைச் சேர்ந்தது. 1877-இல்தான் நீலகிரியோடு இணைக்கப்பட்டது. அங்கு வாழும் மாப்பிள்ளை முஸ்லிம்கள் 'சாயா' கேட்பர். தக்கினி உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டோர் 'சாய்' கேட்பர். ராவுத்தர் முதலான தமிழ் முஸ்லிம்கள் 'டீ' என்றோ 'தேத்தண்ணீர்' என்றோ கேட்பர். மூவரும் கேட்பது ஒரே பானம். மூன்று பெயர்களும் சீன மொழியின் ஒரே எழுத்திலிருந்து வந்தவை. அவ்வெழுத்தைச் சீனத்தின் பெரும்பகுதி 'ச்சா' என்று ஒலிக்கும்; ஃபூஜியன் கடற்கரை 'தே' என்று ஒலிக்கும். முன்னது பாரசீகம் முதலிய மொழிகளில் 'சாய்' ஆகி மேற்கே பரவியது. பின்னது ஒல்லாந்தர் கப்பல்களில் ஐரோப்பாவுக்குச் சென்றது. நம் தேயிலையின் முதலெழுத்து அந்தக் கடற்கரை ஒலியே.

சாயாவைச் சிதைந்த சீனம் என்று எவரும் பழிப்பதில்லை. வருவாய்த்துறைச் சொற்களாகிய தாசில், தாலுகா, ஜில்லா, வசூல், பாக்கி ஆகிய யாவும் அரபு வேர்களிலிருந்து வடிவம் மாறி வந்தவை. அவற்றைச் சிதைந்த அரபு என்றும் எவரும் சொல்வதில்லை. தேயிலைத் தோட்டக்காரர் ஆண்டு 'மகசூல்' பற்றிப் பேசும்போது, சேர்ந்த விளைவு என்னும் அரபுப் பொருள் குன்றாமல் நிற்கிறது. மதிப்புக் குன்றாத வடிவமாற்றத்தை உலகம் இவ்வாறு ஏற்றுக்கொள்கிறது.

ஸர்ஃபும் தஹ்ரீஃபும்

மதிப்புக் குன்றாமை என்னும் இவ்வளவுகோலை அரபு மொழி ஒரு வேர்ச்சொல்லிலேயே பொதிந்து வைத்திருக்கிறது. அரபு மதரஸாவில் நுழையும் மாணவன் முதலில் கற்பது ஸர்ஃப் என்னும் சொல்லாக்கவியல். ஒரு வினையின் வேரெழுத்துகள் எவ்வெவ் வடிவம் எடுக்கும் என்பதைக் கற்பிக்கும் துறை அது. ஸர்ஃப் என்பதன் அடிப்பொருள் திருப்புதல். நம் 'திரி' என்பதன் அடிப்பொருளும் அதுவே. ஒன்றுக்கொன்று உறவில்லாத இரு மொழிகள் சொல்லின் வடிவமாற்றத்தைச் சுழற்சியாகக் கண்டு பெயரிட்டிருப்பது எண்ணத்தக்கது.

அதே வேரிலிருந்துதான் நாணயம் மாற்றுவோனுக்கு ஸர்ராஃப் என்னும் பெயர் வந்தது. தமிழில் அது சராப்பு ஆயிற்று. ஃபிக்ஹு நூல்களில் ஸர்ஃப் என்பது பொன், வெள்ளி, நாணயங்களின் பரிமாற்றம். பொன்னுக்குப் பொன் மாற்றும்போது எடை சமமாக இருத்தல் வேண்டும். அவ்விடத்திலேயே கைமாறுதல் வேண்டும். அணிகலன் ஒருபுறமும் காசு மறுபுறமுமாக இருந்தாலும் பொன்னின் எடை குறையலாகாது என்பதே பெரும்பான்மைச் சட்ட அறிஞர்களின் முடிவு. வடிவம் வேறுபடலாம், மதிப்பு வேறுபடலாகாது.

திருக்குர்ஆன் இதே வேரைக் காற்றுகள் திசைமாறி வீசுவதற்கும் (2:164), இறைச்சான்றுகள் பல்வேறு வகைகளில் எடுத்துரைக்கப்படுவதற்கும் (17:41, 20:113) ஆள்கிறது. ஒரே உண்மை பல வடிவங்களில் கூறப்படுதல் அங்கே அருளாகச் சுட்டப்படுகிறது. வேத வசனங்களை அவற்றுக்குரிய இடங்களிலிருந்து பிறழச் செய்வதைக் கண்டிக்கும் இடங்களில் (4:46, 5:13) வருவது தஹ்ரீஃப் என்னும் வேறு வேரின் சொல். ஹர்ஃப் என்றால் ஓரம், விளிம்பு; நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுதல் அதன் உட்கருத்து. தஸ்ரீஃப் வடிவங்களைப் பெருக்கிப் பொருளைத் துலக்கும். தஹ்ரீஃப் பொருளைப் புரட்டும். தமிழில் இரண்டையும் 'மாற்றுதல்' என்று எழுதிவிட்டால் அருளும் குற்றமும் ஒரே பெயரைப் பெற்றுவிடும்.

ஹதீஸ் கலையில் இவ்வேறுபாடு மேலும் நுணுக்கம் பெறுகிறது. இப்னு ஹஜர் அல்அஸ்கலானி (1372–1449), எழுத்தின் புள்ளி மாறியதால் நேரும் பிழையை முஸஹ்ஹஃப் என்றும், எழுத்தின் உருவம் நிலைத்திருக்க உயிர்க்குறி முதலியன மாறியதால் நேர்வதை முஹர்ரஃப் என்றும் பிரித்துரைத்தார். ஒரு புள்ளியின் இடப்பெயர்ச்சிக்கும் தனிப்பெயர் சூட்டிய மரபின் வாரிசுகள், எல்லா மாற்றங்களுக்கும் ஒரே சொல்லைக் கையாள்வது தகுமா?

தானே மாறியதும் மாற்றப்பட்டதும்

தன்வினை, பிறவினை வேறுபாடு சட்டத்திலும் உண்டு. மது தானாகவே புளித்துக் காடியாகிவிட்டால் அது தூய்மையானது என்பதில் அறிஞர்கள் ஒருமித்துள்ளனர். ஒருவர் ஏதேனும் பொருளை இட்டு அதனைக் காடியாக்கினால், ஷாஃபிஈ மத்ஹபின்படி அது தூய்மையாவதில்லை. ஹனஃபி மத்ஹபின்படி தூய்மையாகும். திரிந்ததும் திரிக்கப்பட்டதும் ஒன்றா என்னும் கேள்வியே அங்குச் சட்டவடிவம் பெற்றிருக்கிறது. மாப்பிள்ளைமார் ஷாஃபிஈகளாகவும், ராவுத்தரும் தக்கினியரும் ஹனஃபிகளாகவும் அடுத்தடுத்து வாழும் நீலகிரியில் இது ஏட்டளவில் நின்றுவிடும் வேறுபாடு அன்று. ஒரு பொருளின் இயல்பே முற்றிலும் வேறாகிவிடுவதை இஸ்திஹாலா என்பர். உப்பளத்தில் வீழ்ந்த விலங்கு முழுதும் உப்பாகிவிட்டால் அதற்கு உப்பின் சட்டமே உரியது என்று ஹனஃபிகளுள் இமாம் முஹம்மது கருதினார். இமாம் அபூயூசுஃப் உடன்படவில்லை. மருந்துக் குப்பிகளிலும் இனிப்புகளிலும் கலக்கும் ஜெலட்டின் பற்றி இன்று நிகழும் விவாதம் இதன் தொடர்ச்சியே.

இத்தகைய விவாதத்தில் சொல் பிசகினால் தீர்ப்பும் பிசகும். தேயிலையே இதற்கும் எடுத்துக்காட்டு. தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட விட்டு, பின் உலர்த்துவர். காற்றுப்பட விடும் கட்டத்தில் பச்சை இலை செம்புநிறம் கொள்ளும். அதனை ஃபெர்மென்டேஷன் என்று நெடுங்காலமாக அழைத்து வந்தனர். தமிழ்நூல்கள் 'நொதித்தல்' என்று பெயர்த்தன. மது விளைவதும் நொதித்தலால்தான். ஆனால் தேயிலையில் நுண்ணுயிர்கள் எதுவும் மதுவை விளைவிப்பதில்லை. இலையிலுள்ள நொதிகளின் துணையால் அதன் சாறு காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து நிறமும் சுவையும் மாறுகிறது. பொருத்தமற்ற பெயரை மட்டும் பற்றிக்கொண்டு ஒருவர் ஐயம் எழுப்பினால், அந்த ஐயத்துக்குக் காரணம் தேயிலை அன்று, மொழிபெயர்ப்பே.

நம் பேச்சின் மீதான தீர்ப்பு

தமிழ் முஸ்லிம்களின் மொழி இருபுறமிருந்தும் சிதைவு என்னும் பழியைச் சுமந்து வந்திருக்கிறது. தமிழறிஞர் சிலர் அதில் அரபு கலந்து தமிழ் கெட்டது என்றனர். அரபு கற்றோர் சிலர் அதில் தமிழ் நாவால் அரபு கெட்டது என்றனர். மய்யித்து, பாத்தியா, துவா என்று பாட்டிமார் சொன்னதைத் திருத்த முனையும் இளந்தலைமுறையை இன்று பல வீடுகளில் காண்கிறோம். பாங்கு என்பது பாரசீகச் சொல்லாம், அதான் என்றே சொல்ல வேண்டுமாம். தொழுகை என்னும் செந்தமிழ்ச் சொல்லுக்கும் விலக்கு வந்துவிடுகிறது.

அவர்கள் நோக்கம் நல்லது, அளவுகோல் போதாது. உமறுப் புலவர் பதினேழாம் நூற்றாண்டில் பாடிய பெருங்காப்பியத்தின் பெயரிலுள்ள 'சீறா' என்பதே அரபு 'ஸீரா' தமிழில் மருவிய வடிவம். வண்ணப் பரிமளப் புலவரின் ஆயிர மசலா (1572) தொடங்கி, மஸ்அலா மசலாவாகவும், முனாஜாத் முனாஜாத்தாகவும் தமிழில் புதிய இலக்கிய வகைகளாயின. இவற்றில் அரபுப் பொருளின் எடை குறைந்ததா? கேட்ட பாமரரும் பொருளுணர்ந்து கண்ணீர் விட்டனர் என்றால், சராப்புக் கடையின் தராசு நேராகவே நின்றது என்று பொருள்.

மறுபக்கத்தையும் கூறாமல் விடலாகாது. எல்லாத் திரிபும் மருவுதல் ஆகிவிடாது. கல்பு என்று தமிழெழுத்தில் எழுதினால், உள்ளம் என்னும் பொருள்தரும் அரபுச் சொல்லும் நாய் என்னும் பொருள்தரும் அரபுச் சொல்லும் ஒன்றாகிவிடுகின்றன. அரபில் முதலெழுத்து வேறு. வீட்டுப் பேச்சில் இதனால் கேடில்லை. சூழல் பொருளைக் காக்கும். திருக்குர்ஆனை ஓதும்போது நிலைமை வேறு. தஜ்வீது அறிஞர்கள் ஓதுதலில் நேரும் பிழைகளை வெளிப்படைப் பிழை, நுண்பிழை என்று பிரித்து, முன்னதை அனைவரும் தவிர்க்க வேண்டியதாகவும், பின்னதைத் துறைவல்லோர் மட்டுமே உணர்வதாகவும் கூறியது இதனாலேயே. அரபுத்தமிழை வளர்த்த நம் ஆலிம்களும் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். அரபு எழுத்துகளை உள்ளவாறே வைத்துக்கொண்டு, தமிழுக்கே உரிய ஒலிகளுக்குப் புள்ளியிட்ட புதிய எழுத்துகளைச் சேர்த்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் மார்க்கச் சட்டத்தை அவ்வெழுத்தில் எழுதினர். இரு மொழிகளில் எதற்கும் இழப்பு நேராவண்ணம் காத்த ஏற்பாடு அது. அதனைச் சிதைவு என்போர் அதன் நுட்பத்தை அறியாதோரே.

எஞ்சும் பணி

ஆகவே நம் எழுத்தாளர்களிடமும் மொழிபெயர்ப்பாளர்களிடமும் வேண்டுவது புதிய சொற்களைப் படைப்பது அன்று. உள்ளவற்றை அளந்து கையாள்வது. வேதத்தைப் பொருள்மாறச் செய்வதைத் திரித்தல், புரட்டுதல் என்று எழுதலாம். ஒரே உண்மை பல வகையில் விளக்கப்படுவதை வகைவகையாய் எடுத்துரைத்தல் எனலாம். பொருளின் இயல்பே வேறாவதை இயல்மாற்றம் எனலாம். பேச்சுப் பழக்கத்தில் உருமாறிய அரபுச் சொற்களை மருவியவை என்று சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை. நன்னூல் அவ்வகைக்கு இயல்பு வழக்கில் இடமளித்திருக்கிறது.

பாடநூல் எழுதுவோரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. உதகையை மரூஉவுக்கு எடுத்துக்காட்டாகத் தாராளமாகக் காட்டலாம். அதன் அருகே ஒரு வரி சேர்த்து, உதகமண்டலம் என்பதும் தோடரின் மந்தைச் சுட்டிய பெயருக்கு வடமொழி உரு தந்து அமைத்த வடிவமே என்று குறிப்பிட்டால், எந்த வடிவம் யாருடைய வாயில் பிறந்தது என்று மாணவர் கேட்கப் பழகுவர். தோடர் இன்றும் அதே மலையில் வாழ்கின்றனர். அந்த ஒரு வரி அவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய நிலுவை.